போனுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள்

இந்த இதழுக்கு ஒரு வாழ்க்கை வரலாறு எழுதித் தரச் சொன்னாங்க. நம்ம மேகஸின்ல வழக்கமா வர்ற பெயர்கள் உங்களுக்கே தெரியும். ராமானுஜன், டெஸ்லா, கலாம் ஐயா. நான் இந்த முறை ஒரு பாதிரியாரைப் பற்றி எழுதப் போறேன். அவர் எந்த மெஷினையும் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கனவே எல்லா ஊரிலும் இருந்த ஒரு மெஷினை எடுத்து, அதுவரை யாரும் யோசிக்காத ஒரு வேலைக்குப் பயன்படுத்தினார். அந்த மெஷின், டெலிபோன்.

அவர் பெயர் சாட் வாரா. சாட் என்றதும் வாட்ஸ்அப் ஞாபகம் வரும். அதுவும் ஒரு வகையில் பொருத்தம்தான். ஏன்னா, முகம் தெரியாத ஒருத்தர் முகம் தெரியாத இன்னொருத்தரோடு நடுராத்திரியில் மனசு விட்டுப் பேச முடியும் என்பதை 1953-லேயே செய்து காட்டியவர் அவர்.

இவரைப் பற்றி நான் தேடிப் படிக்க ஒரு காரணம் இருக்கு. செகண்ட் இயர் படிக்கும்போது ஒரு நாள் ராத்திரி, பக்கத்து ரூம் நண்பன் ஒருத்தன் என் கதவைத் தட்டினான். மனசு சரியில்லை என்றான். நான் உடனே ஆரம்பித்துவிட்டேன். அரியரை எப்படி கிளியர் பண்றது, எந்த பேப்பரை முதலில் எழுதறது, யாரிடம் நோட்ஸ் வாங்கறது என்று ஒரு மணி நேரம் பேசினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அப்புறம் எழுந்து போய்விட்டான். நல்லா ஹெல்ப் பண்ணிட்டோம் என்று நானும் நிம்மதியா தூங்கிவிட்டேன். அதில் என்ன தப்பு என்று எனக்குப் புரிந்தது ரொம்ப நாள் கழித்துதான். அதைக் கடைசியில் சொல்றேன்.

பாதிரியார் வீட்டுப் பிள்ளை

இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பகுதியில், ஹம்பர் ஆற்றின் கரையில் பார்ட்டன் என்று ஒரு சின்ன ஊர். 1911 நவம்பர் 12 அன்று அங்கே பிறந்தார் எட்வர்டு சாட் வாரா. அப்பா அந்த ஊர் ஆங்கிலிகன் சபையின் பாதிரியார். (ஆங்கிலிகன் பாதிரியார்கள் கல்யாணம் செய்துகொள்ளலாம். அதனால் குழப்பம் வேண்டாம்.) வீட்டில் மொத்தம் 9 பிள்ளைகள். சாட்தான் மூத்தவர். அப்பா ரொம்பக் கண்டிப்பு.

பையன் படிப்பில் கெட்டிக்காரன். ஆக்ஸ்போர்டில் கீபிள் கல்லூரியில் இடம் கிடைத்தது. இயற்கை அறிவியல் படிக்கப் போனவர், நடுவில் மாறி தத்துவம், அரசியல், பொருளாதாரம் படித்தார். பிராஞ்ச் மாறணும்னு ஏங்குகிற நம்ம ஆட்களுக்கு இது ஆறுதலா இருக்கும். கடைசியில் வாங்கிய டிகிரி மூன்றாம் வகுப்பு. அதுவும் ஆறுதல்தான்!

அதன்பிறகு லிங்கனில் இறையியல் கல்லூரியில் சேர்ந்து, 1935-இல் அதே ஊரில் செயின்ட் கைல்ஸ் தேவாலயத்தில் உதவிப் பாதிரியாராக வேலையைத் தொடங்கினார். நம்ம பாஷையில் சொன்னால் ஃப்ரெஷர்.

முதல் சவ அடக்கம்

வேலையில் சேர்ந்த புதிதில் அவர் நடத்திவைத்த முதல் அடக்கம், ஒரு பதின்வயதுச் சிறுமியுடையது. அவள் தற்கொலை செய்துகொண்டிருந்தாள். ஏன் என்று விசாரித்தபோது தெரிந்த விஷயம்தான் அவரை உலுக்கியது. அந்தப் பெண்ணுக்கு முதல் முறையாக மாதவிடாய் வந்திருக்கிறது. அது என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. தனக்கு ஏதோ வெளியே சொல்லக்கூடாத பால்வினை நோய் வந்துவிட்டது என்று நினைத்திருக்கிறாள். கேட்பதற்கு ஒரு ஆள் இல்லை.

யோசித்துப் பாருங்க. அந்தப் பெண்ணுக்குத் தேவைப்பட்டது பெரிய டாக்டரோ மருந்தோ இல்லை. அஞ்சு நிமிஷம் பேச, பயப்படாமல் கேட்க, ஒரே ஒரு ஆள். அம்மாவோ அக்காவோ டீச்சரோ, யாராவது.

சாட் வாரா அந்தக் கல்லறைக்குப் பக்கத்தில் நின்று, இனி இளைஞர்களிடம் பாலியல் விஷயங்களை மறைக்காமல் பேசுவேன் என்று தனக்குள்ளே முடிவு எடுத்துக்கொண்டார். 1930-களில் ஒரு பாதிரியார் இப்படிப் பேசினால் ஊர் என்ன சொல்லும்? சொன்னார்கள். கெட்ட பெயரும் வந்தது. அவர் கண்டுகொள்ளவில்லை. கல்யாணம் செய்துகொள்ளப் போகும் ஜோடிகளிடமும், இளைஞர் மன்றங்களிலும் வெளிப்படையாகப் பேசிக்கொண்டே இருந்தார். விஷயம் பரவி, ஒரு சங்கதி நடந்தது. பேசக் கூசுகிற எல்லாப் பிரச்சனைகளையும் ஜனங்கள் இவரிடம் கொண்டுவர ஆரம்பித்தார்கள்.

காமிக்ஸ் எழுதிய பாதிரியார்

லிங்கனுக்குப் பிறகு பட்னி, பாரோ, அப்புறம் மில் தொழிலாளர்கள் நிறைந்த பிளாக்பர்ன், அதன்பிறகு லண்டனில் கிளாப்பம் ஜங்ஷன் என்று ஊர் ஊராக மாறினார். 1940-இல் சூசன் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டார். ஐந்து பிள்ளைகள். அதில் மூன்று பேர் ஒரே பிரசவத்தில் பிறந்தவர்கள். பாதிரியார் சம்பளத்தில் குடும்பம் ஓட்டுவது கஷ்டம். எனவே பார்ட் டைமாக எழுத ஆரம்பித்தார்.

என்ன எழுதினார் தெரியுமா? காமிக்ஸ்! 1950-இல் இங்கிலாந்தில் ஈகிள் என்று சிறுவர்களுக்கான ஒரு வாரப் பத்திரிகை வந்தது. அதில் டான் டேர் என்ற விண்வெளி வீரனின் கதை ரொம்பப் பிரபலம். அந்தத் தொடருக்கு விண்வெளி, விஞ்ஞான விஷயங்களில் ஆலோசகராக இருந்தவர் நம்ம சாட் வாரா. ஈகிளுக்கும் அதன் சகோதரப் பத்திரிகைகளுக்கும் கதைகளும் எழுதிக் கொடுத்தார். பகலில் பிரசங்கம், ராத்திரியில் ராக்கெட்.

ஈகிளை நடத்திய ஹல்டன் நிறுவனம்தான் பிக்சர் போஸ்ட் என்ற பிரபலமான வார இதழையும் நடத்தியது. அதில் பாலியல் கல்வி பற்றி சாட் வாரா ஒரு கட்டுரை எழுதினார். அதற்குப் பிறகு அவருக்குக் கடிதங்கள் வர ஆரம்பித்தன. படித்துப் பார்த்தால், சந்தேகம் கேட்டு எழுதியவர்களுக்கு நடுவில், வாழவே பிடிக்கவில்லை என்கிற அளவுக்கு நொந்துபோய் எழுதியவர்களும் இருந்தார்கள்.

அதே காலத்தில் அவர் கண்ணில் பட்ட இன்னொரு தகவல், லண்டன் பெருநகரில் ஒரு நாளைக்குச் சராசரியாக மூன்று பேர் தற்கொலை செய்துகொள்கிறார்கள் என்பது. அன்றைய இங்கிலாந்தில் தற்கொலை முயற்சி சட்டப்படி குற்றம். பிழைத்தவர் மேல் கேஸ் போடலாம். அப்படியென்றால் மனசு உடைந்த ஒருத்தர் யாரிடம் போவார்? போலீஸிடம் போக முடியாது. டாக்டரிடம் சொன்னால் விஷயம் வெளியே போய்விடுமோ என்று பயம். பாதிரியாரிடம் போனால் பாவம் என்று பிரசங்கம் ஆரம்பித்துவிடுவாரோ என்று பயம்.

லண்டனில் 1937-லேயே 999 என்ற அவசர எண் வந்துவிட்டது. தீ பிடித்தால் கூப்பிடலாம், திருடன் வந்தால் கூப்பிடலாம், ஆம்புலன்ஸ் வேண்டுமென்றால் கூப்பிடலாம். உயிரோடு இருக்கவே பிடிக்காத ராத்திரியில் கூப்பிட மட்டும் ஒரு எண் இல்லை. இதுதான் சாட் வாராவைக் குடைந்த கேள்வி.

மேன் 9000

பிரச்சனை என்னவென்றால் நேரம். கிளாப்பம் ஜங்ஷன் வேலை அதிகமுள்ள பங்கு. கல்யாணம், ஞானஸ்நானம், அடக்கம் என்று மூச்சு விட முடியாது. அந்த நேரத்தில்தான் லண்டனின் மையத்தில், சிட்டி பகுதியில் இருக்கும் செயின்ட் ஸ்டீபன் வால்புரூக் தேவாலயத்தின் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. பகலில் பேங்க் ஊழியர்கள் குவியும் இடம் அது. ராத்திரியில் குடியிருப்பவர்கள் ரொம்பக் குறைவு. அதாவது, பங்கு வேலை கம்மி. அவருக்குத் தேவைப்பட்டதும் அதுதான்.

சிவில் பசங்களுக்காக ஒரு தகவல். அந்தத் தேவாலயத்தைக் கட்டியவர் சர் கிறிஸ்டோபர் ரென். லண்டன் செயின்ட் பால் கதீட்ரலின் பிரம்மாண்டமான குவிமாடத்தைக் கட்டியவரும் அவரே. அதற்கு முன்னோட்டம் மாதிரி அமைந்தது இந்த வால்புரூக் குவிமாடம். 1941-இல் குண்டுவீச்சில் சேதமானது.

டெலிபோன் நம்பர் பற்றி சாட் வாராவே பிற்காலத்தில் ரசித்துச் சொல்லிவந்த கதை ஒன்று உண்டு. அன்றைய லண்டன் போன்களில் எக்ஸ்சேஞ்ச் பெயரின் முதல் மூன்று எழுத்துகளை டயல் செய்து, பிறகு நாலு இலக்கம் சுற்ற வேண்டும். அந்தப் பகுதி எக்ஸ்சேஞ்சின் பெயர் மேன்ஷன் ஹவுஸ். பதற்றத்தில் இருப்பவருக்கும் மறக்காத நம்பர் வேண்டும் என்பதால் மேன் 9000 கிடைத்தால் நல்லா இருக்கும் என்று யோசித்தார். தேவாலயத்தில் தூசி படிந்து கிடந்த போனைத் துடைத்துப் பார்த்தால், அதில் ஏற்கனவே இருந்த நம்பரே மேன் 9000!

1953 நவம்பர் 2. அன்றுதான் முதல் அழைப்பு வந்தது. எடுக்க இருந்தது சாட் வாராவும், அவருடைய செகரட்டரி விவியன் ப்ராஸரும்தான். ஒரு அறை, ஒரு போன், ரெண்டு பேர். இவ்வளவுதான் தொடக்கம். ட்ரஸ்ட் கிடையாது, ஃபண்ட் கிடையாது, லோகோ கிடையாது.

பத்திரிகைகளில் அவருக்கு ஆட்கள் தெரியும் என்பதால் செய்தி வேகமாகப் பரவியது. டிசம்பரில் டெய்லி மிரர் நாளிதழ் இந்தச் சேவையைப் பற்றி எழுதியபோது, நல்ல சமாரியன் என்ற பைபிள் கதையை வைத்து ஒரு பட்டப்பெயர் சூட்டியது. வழியில் அடிபட்டுக் கிடந்த ஒருவனை எல்லோரும் கடந்து போக, சம்பந்தமே இல்லாத வேற்று இனத்தான் ஒருவன் நின்று உதவிய கதை அது. பத்திரிகை வைத்த பெயரே ஒட்டிக்கொண்டது. சமாரிட்டன்ஸ்.

டீ போட்டவங்க

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். தயவு செய்து ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிடாதீங்க.

போன் செய்தவர்களில் பலர் நேரில் பார்க்கவும் வந்தார்கள். சாட் வாரா ஒருத்தர்தானே? உள் அறையில் ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது வெளியே ஆட்கள் காத்திருப்பார்கள். நம்ம பாஷையில் சொன்னால் ஒரே சர்வர், நீளமான கியூ. இது தாங்காது என்று யாருக்கும் தெரியும்.

செய்தி படித்துவிட்டு, நாங்களும் உதவுகிறோம் என்று சில சாதாரண ஆட்கள் வந்தார்கள். டாக்டர் இல்லை, மனநல நிபுணர் இல்லை. என்ன வேலை கொடுப்பது? காத்திருப்பவர்களுக்கு டீ, காபி கொடுங்க, சும்மா பேச்சுத் துணையா இருங்க என்று வெளி அறையில் உட்காரவைத்தார் சாட் வாரா.

சில வாரங்களில் அவர் ஒன்றைக் கவனித்தார். வெளியே காத்திருந்த சிலர், அவரைப் பார்க்காமலேயே கிளம்பிப் போனார்கள். கோபத்தில் இல்லை. மனசு லேசாகிவிட்டது, இனி பாதிரியாரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று. உள்ளே வந்தவர்களும் முன்பு போல உடைந்த நிலையில் வரவில்லை. வெளி அறையில் டீ கொடுத்தவரிடம் ஏற்கனவே கொட்டித் தீர்த்திருந்தார்கள். சிலருக்கு மட்டும்தான் அவருடைய ஆலோசனை தேவைப்பட்டது. அதிலும் சிலரை மட்டும்தான் மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டியிருந்தது.

அந்த இடத்தில் நாம் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம்? படித்தவன் நான், ஐடியா என்னுடையது, பேப்பரில் வந்த பெயரும் என்னுடையது. டீ போடுகிறவர் என்னைவிட நன்றாக இந்த வேலையைச் செய்கிறார் என்று ஒத்துக்கொள்ள மனசு வருமா? ஒரு டெக்னிக்கல் சிம்போசியத்தில் ஸ்டேஜை ஜூனியருக்கு விட்டுக்கொடுக்கவே நமக்குக் கை வராது.

சாட் வாரா ஒத்துக்கொண்டார். 1954 பிப்ரவரியில், அதாவது தொடங்கி மூன்றே மாதத்தில், அழைப்பவர்களிடம் பேசும் வேலையை முறைப்படி வாலண்டியர்களிடம் ஒப்படைத்துவிட்டார். தன் வேலை இனி ஆட்களைத் தேர்ந்தெடுப்பதும், பழக்குவதும், அவர்களுக்குப் பின்னால் நிற்பதும்தான் என்று ஒதுங்கிக்கொண்டார். வாலண்டியர்கள் செய்யும் வேலைக்கு நட்புத்துணை என்ற அர்த்தத்தில் ஒரு பெயரும் வைத்தார். சிகிச்சை இல்லை, ஆலோசனை இல்லை, உபதேசம் இல்லை. நட்பு. அவ்வளவுதான்.

சமாரிட்டன்ஸ் நிஜமாகப் பிறந்தது முதல் போன் அடித்த நாளில் இல்லை, இந்த நாளில்தான் என்று எனக்குத் தோணும். ஒரு திறமையான பாதிரியார் போன் எடுத்தால் அது ஒரு ஊருக்கு உதவும், அவர் இருக்கும் வரை ஓடும். சாதாரண ஆட்களால் இதைச் செய்ய முடியும் என்று தெரிந்துவிட்டால் எந்த ஊரிலும் தொடங்கலாம், தொடங்கியவர் போன பின்னும் ஓடும்.

ஒரு அறை, பல ஊர்கள்

சாதாரண ஆட்கள் என்றால் யாரை வேண்டுமானாலும் சேர்த்துக்கொண்டார்கள் என்று அர்த்தம் இல்லை. ஆர்வத்தோடு வந்த பலரைத் திருப்பி அனுப்பினார்கள். வாய் ஓயாமல் அட்வைஸ் கொடுப்பவர்கள், எதிரில் இருப்பவரை எடை போடுபவர்கள், தங்கள் மதத்துக்கு ஆள் சேர்க்க வந்தவர்கள், இவர்களுக்கு இடம் இல்லை. இதில் ஆச்சரியம், தொடங்கியவரே ஒரு பாதிரியார். தொடங்கிய இடம் ஒரு தேவாலயம். ஆனால் போனில் மதப் பிரசங்கம் கூடாது என்பதில் அவர்தான் எல்லோரையும்விடக் கறாராக இருந்தார். எந்த மதத்தவரும், மதமே இல்லாதவரும் வாலண்டியராகலாம்.

மற்ற விதிகளும் எளிமையானவை. பேசியவர் யார், என்ன பேசினார் என்பது வெளியே போகாது. பெயர் சொல்ல வேண்டியதில்லை. பேசுபவருடைய வாழ்க்கையில் முடிவு எடுப்பது அவர்தான், வாலண்டியர் இல்லை. வாலண்டியருக்குச் சம்பளம் கிடையாது. முறை வைத்துக்கொண்டு, ராத்திரி ஷிஃப்ட் உட்பட, போனுக்குப் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

1959-இல் எடின்பரோவில் ஒரு கிளை தொடங்கியது. அடுத்தடுத்த வருடங்களில் மற்ற நகரங்களிலும் தொடங்கின. 1961-இல் இங்கிலாந்தில் தற்கொலை முயற்சி குற்றமல்ல என்று சட்டம் மாறியது. பயமில்லாமல் உதவி கேட்கலாம் என்ற நிலை வந்தது.

கிளைகள் பெருகியதும் புதுப் பிரச்சனைகள். வாடகை யார் கட்டுவது? ஒரு ஊரில் ஒரு விதி, இன்னொரு ஊரில் வேறு விதி என்றால் என்ன ஆவது? நன்கொடைக்குக் கணக்கு யார் வைப்பது? நட்பை மட்டும் வைத்து இதையெல்லாம் ஓட்ட முடியாது. 1963-இல் கிளைகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து, சட்டப்படி பதிவு செய்த ஒரு தொண்டு நிறுவனமாக மாற்றினார்கள். பொதுவான கொள்கை எல்லோருக்கும் ஒன்று. செலவுக்குப் பணம் திரட்டுவது அந்தந்த ஊர்க் கிளையின் பொறுப்பு. ஆபீஸ் வந்தது, கமிட்டி வந்தது, மினிட்ஸ் எழுதுவதும் வந்தது. கேட்க போரடிக்கும். ஆனால், கல்லூரியில் கிளப் நடத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆர்வத்தில் தொடங்குகிற கிளப், சீனியர் பாஸ் அவுட் ஆனதும் செத்துப்போவது இந்த போரடிக்கிற வேலையை யாரும் செய்யாததால்தான்.

1974 வரை லண்டன் கிளையின் இயக்குநராக இருந்தார் சாட் வாரா. அதே வருடம், உலகின் மற்ற நாடுகளில் இருக்கும் இதேபோன்ற அமைப்புகளை இணைக்கும் பிஃப்ரெண்டர்ஸ் என்ற சர்வதேச அமைப்புக்குத் தலைவரானார். கொழும்பில் சுமித்ரயோ என்ற அமைப்பு தொடங்கியதும் 1974-இல்தான். நம்ம சென்னைக்கு அந்த அலை 1986-இல் வந்தது. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ஸ்நேகா அமைப்பு, அதே வழியில், சம்பளம் வாங்காத வாலண்டியர்களை வைத்து இன்று வரை நடக்கிறது. அது தொடங்கியபோது இந்தியாவில் தற்கொலை முயற்சி குற்றமாகத்தான் இருந்தது. வெள்ளைக்காரன் கொண்டுவந்த சட்டத்தை அவன் ஊரில் 1961-லேயே எடுத்துவிட்டான். இங்கே 2017-இல் வந்த மனநலச் சட்டம்தான், அப்படி முயன்றவரைத் தண்டிக்கக் கூடாது, உதவ வேண்டும் என்று சொன்னது.

ஒரு கணக்குச் சரிபார்ப்பு

இன்ஜினியரிங் படிக்கிறவங்க ஒரு கேள்வி கேட்டே ஆகணும். இதெல்லாம் நிஜமாகவே பலன் கொடுத்ததா?

இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து 1963-இல் 5,714 தற்கொலைகள். 1975-இல் 3,693. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. சமாரிட்டன்ஸ் வளர்ந்ததும் சரியாக அதே காலம். 1968-இல் வந்த ஒரு ஆய்வு, கிளை இருக்கும் ஊர்களையும் இல்லாத ஊர்களையும் ஒப்பிட்டு, கிளை இருக்கும் ஊர்களில் தற்கொலை குறைந்திருக்கிறது என்றது. எல்லோருக்கும் சந்தோஷம்.

ஆனால் 1978-இல் இன்னும் கவனமாகச் செய்த ஆய்வில் அந்த வித்தியாசம் கிடைக்கவில்லை. பெரிய காரணம் வேறு இடத்தில் இருந்தது. அந்த வருடங்களில் இங்கிலாந்தின் வீட்டு அடுப்புகளுக்குக் குழாயில் வந்த நச்சுத்தன்மையுள்ள நிலக்கரி வாயு படிப்படியாக மாறி, நச்சில்லாத இயற்கை எரிவாயு வந்துவிட்டது. ஆபத்து கைக்கு எட்டாத தூரம் போனதும் நிறைய உயிர்கள் பிழைத்தன. அந்த ஒரு மோசமான நேரம் கடந்துபோனால் மனசு மாறும் என்பதற்கு இதுவே அத்தாட்சி.

அப்படியென்றால் போன் எடுத்தவர்கள் செய்தது வீணா? நான் அப்படிப் பார்க்கவில்லை. நாட்டுக் கணக்கில் வராத பலன்கள் உண்டு. தனியாக இருந்த ஒருத்தருக்கு அந்த ராத்திரி கடக்க ஒரு துணை இருந்தது என்பதை எந்த கிராஃபில் போடுவது? அதே சமயம், மனசு விட்டுப் பேசினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பதும் தப்பு. துணைக்கு ஆளும் வேண்டும், மருத்துவமும் வேண்டும், ஆபத்தைத் தள்ளிவைக்கும் ஏற்பாடும் வேண்டும்.

பிள்ளை வளர்ந்த பிறகு

சாட் வாரா சாதுவான மனுஷர் என்று நினைத்துவிடாதீங்க. பிடிவாதக்காரர். தேவாலயத்தைப் புதுப்பித்தபோது சிற்பி ஹென்றி மூர் செய்த பெரிய வட்ட வடிவப் பளிங்குப் பீடத்தை நட்டநடுவில் வைத்தார்கள். பார்க்க சீஸ் கட்டி மாதிரி இருக்கு என்று கேலி வந்தது. வைக்கக்கூடாது என்று கோர்ட்டும் சொன்னது. மேல்முறையீட்டில் போராடி 1987-இல் ஜெயித்தார்கள். இன்றும் அது நடுவில் இருக்கிறது. ஜனங்கள் அதைச் சுற்றி வட்டமாக உட்காருகிறார்கள்.

அந்தப் பிடிவாதம் கடைசியில் அவருக்கே வலியாகவும் வந்தது. 2000-களில் சமாரிட்டன்ஸ் தன் வேலையை விரிவாக்கியது. சாகும் எண்ணத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் இல்லை, மனச்சுமை உள்ள எவருக்கும் துணை என்று சொல்ல ஆரம்பித்தது. சாட் வாராவுக்கு இதில் உடன்பாடு இல்லை. நான் தொடங்கியது அவசர உதவிக்காக, இது நான் தொடங்கியது அல்ல என்று 2004-இல் வெளிப்படையாகவே வருத்தப்பட்டார்.

யார் சரி? எனக்கு ரெண்டு பக்கமும் நியாயம் தெரியுது. விளிம்பு வரை வந்த பிறகு கை கொடுப்பதைவிட முன்னாடியே கொடுக்கலாம் என்பது அவர்கள் வாதம். எல்லோருக்கும் என்று திறந்துவிட்டால், விளிம்பில் நிற்பவருக்கு லைன் பிஸியாக இருக்குமே என்பது இவர் கவலை. ஆனால் ஒன்று. 1954-இல் போனை மற்றவர் கையில் கொடுத்த நாளிலேயே, ஒரு நாள் அவர்கள் தன் பேச்சைக் கேட்காமலும் போகலாம் என்பதையும் சேர்த்தே அவர் கொடுத்துவிட்டார். விட்டுக்கொடுத்ததால்தான் அது வளர்ந்தது. வளர்ந்ததால்தான் கை மீறியது.

50 வருடம் வால்புரூக்கில் பணியாற்றி, 2003-இல் தன் 92-ஆம் வயதை ஒட்டி ஓய்வு பெற்றார். இங்கிலாந்து திருச்சபையிலேயே அன்று பணியில் இருந்த மிக வயதான பாதிரியார் அவர். 2007 நவம்பர் 8 அன்று, 96-ஆம் பிறந்தநாளுக்கு நாலு நாள் முன்பு காலமானார். அந்தப் பழைய டெலிபோன் இன்றும் தேவாலயத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. சமாரிட்டன்ஸுக்கு இப்போது பிரிட்டன், அயர்லாந்து முழுக்க சுமார் 200 கிளைகள், 20,000-க்கும் மேற்பட்ட வாலண்டியர்கள்.

நம்ம ஹாஸ்டலில்

இப்போது அந்த நண்பன் விஷயத்துக்கு வர்றேன். ஃபைனல் இயர் தொடக்கத்தில் ஒரு நாள் டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தபோது அவனே சொன்னான். அன்று அவன் வந்தது அரியர் பற்றிப் பேச இல்லை. வீட்டில் ஒரு பெரிய பிரச்சனை. யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடும் போல இருந்ததாம். நான் வாய் மூடுவேன் என்று ஒரு மணி நேரம் காத்திருந்து பார்த்திருக்கிறான். அப்புறம் எழுந்து போய், கீழே வராண்டாவில் விடியும் வரை உட்கார்ந்திருந்திருக்கிறான். வாட்ச்மேன் அண்ணன்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாராம். அவர் எதுவும் கேட்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து இவனே எல்லாம் சொல்லி அழுதிருக்கிறான்.

நான் உள் அறையில் இருந்த பெரிய ஆள். வாட்ச்மேன் அண்ணன் டீ கொடுத்த வாலண்டியர்.

நாம யாரும் ட்ரெய்னிங் எடுத்தவர்கள் இல்லை. ஆனால் கதவைத் தட்டுகிறவனிடம் தீர்வு சொல்லாமல் பத்து நிமிஷம் கேட்க முடியும். சாகணும்னு தோணுதா என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தைரியமாகக் கேட்கலாம். ஆமாம் என்று சொன்னால் அவனைத் தனியாக விடாதீங்க. ரகசியம் என்று நீங்களே சுமக்காமல், நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் சொல்லி, டாக்டரிடம் கூட்டிப் போங்க. உங்களுக்கே அப்படித் தோணினால், அதே மாதிரி ஒரு கதவைத் தட்டுங்க. முதல் கதவில் என்னை மாதிரி ஒருத்தன் இருந்தால், அடுத்த கதவையும் தட்டுங்க.

கதவு எதுவும் திறக்காத நேரத்துக்கு: அரசின் டெலி மானஸ் 14416, எந்த நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். சென்னை ஸ்நேகா 044-24640050.

போனுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் இருக்காங்க. நம்பரை இப்பவே சேவ் பண்ணி வைங்க. உங்களுக்குத் தேவைப்படாமல் இருக்கலாம். பக்கத்து ரூமுக்குத் தேவைப்படலாம்.